மாமாவின் நீல நோட்டு: கொங்கு நாட்டில் ஐந்து நாள்

நவம்பர் 14, 2024, வியாழன்: அறச்சலூர் பக்கம்

ஈரோட்டில் இறங்கும்போது விடிந்தும் விடியாத நேரம். ஐப்பசித் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொங்கு நாட்டு மழை பெரும்பாலும் இவ்வளவுதான். தலையை நனைத்துவிட்டுச் சட்டையை விட்டுவிடும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் டீ, 15 ரூபாய். "சர்க்கரை கம்மியாப் போடட்டுங்களா?" என்றார் டீ மாஸ்டர். நான் ஒன்றும் கேட்கவில்லையே என்று பார்த்தால், அவர் கண் என் தொப்பை மேல் இருந்தது. இந்த ஊரில் குத்தலைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள்.

வந்த காரணம் இதுதான். போன மாதம் என் மாமனாருக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. "அப்பாவுக்கு நவம்பர்ல வேலை ஜாஸ்தி. ஃபோனைப் பார்க்கக் கண்ணு ஒத்துழைக்கல. அஞ்சு நாள் போய்க் கூட இருந்துட்டு வாங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். 74 வயது மனிதருக்கு நவம்பரில் அப்படி என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு கணக்கு இருந்தது. மாமா 1968இல், 18 வயதில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். ராணுவத்தில் பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி வைப்பது, வைத்ததை எடுப்பது எல்லாம் பொறியாளர் படையின் வேலை. அதில் தென்னாட்டு ஆட்கள் சேருகிற பிரிவு இது. தலைமையிடம் பெங்களூர். மற்ற படைக்காரர்கள் இவர்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். 1994இல் நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றார். கல்யாணமாகி 15 வருடத்தில் போரைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அங்க குளிருங்க மாப்ளே." இந்த முறை எப்படியாவது கதையைக் கறந்துவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தேன்.

காலைச் சாப்பாடு சந்தகை, இடியாப்பம் போல. தேங்காய்ப்பால், மேலே நாட்டுச் சர்க்கரை. ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் சந்தகை என்பது அத்தையின் சட்டம். மூன்றாவது வட்டில் முடிந்ததும் மாமா நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பக்கத்துக்கு ஓர் ஆள். கணவர் பெயர், படைப் பிரிவு, ராணுவ எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கி, மனைவியின் பிறந்த தேதி. கீழே வருட வாரியாகக் கட்டம், கட்டத்துக்குள் டிக். மொத்தம் 41 பேர். முக்கால்வாசிப் பேர் கணவரை இழந்த பாட்டிகள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது நவம்பரில். முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் போய் நிற்க வேண்டும். 2014இல் விரல் ரேகை வைத்தால் போதும் என்று வந்தது, 2021இல் ஃபோனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்றானது. அலகாபாத்தில் இருக்கிற ராணுவ ஓய்வூதிய அலுவலகத்துக்குச் சான்று போய்ச் சேராவிட்டால் பணம் நின்றுவிடும்.

"29 பேர் முடிச்சாச்சுங்க. 12 பாக்கி. அதுல 9 பேர் வெள்ளகோவில் பக்கம், அங்க ஒரு புள்ள பாத்துக்குது. நாம நேர்ல போகோணும்கறது 3 பேருக்குத்தான்" என்றார் மாமா. 1971இன் கதை கேட்க வந்தவன் 2024இன் உயிர்ச் சான்றுக்கு ஓட்டுநராக நியமனம் ஆனேன்.

ஒத்திகை மாமாவிடமே நடந்தது. முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவந்து கண்ணை மூடித் திறக்க வேண்டும். ஆபரேஷன் ஆன கண்ணில் நீர் வடிந்தது. இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை பச்சை விழுந்தது. குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டினேன். "நான் உசுரோடதான் இருக்கறேனாமா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் மாமா. "அதையும் அலகாபாத்துக்காரன் சொல்லித்தான் தெரியோணுமா" என்றது சமையலறை.

மதியம் அரிசிம்பருப்பு சாதம், நெய், கத்திரிக்காய்ப் பொரியல். அத்தை பரிமாறிக்கொண்டே சொன்னார்: "உங்க மாமன் பட்டாளத்துல இருந்து எனக்குப் போட்ட லெட்டரைவிட இந்தக் கெழவிகளுக்காகக் கவுருமெண்டுக்குப் போட்ட லெட்டர் எச்சு." 1976இல் கல்யாணம். லீவு முடிந்து அவர் கிளம்பியதும் அத்தைக்கு மாமியார் வீட்டில் 9 வருடம். மாமா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 15, வெள்ளி: சென்னிமலை, காங்கயம்

மாமாவிடம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் இருக்கிறது. கல்லூரிக்குப் பிறகு நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. பின்னால் மாமா, மடியில் மஞ்சப்பை, பையில் நோட்டு. "பள்ளமுங்க மாப்ளே", "இக்கட்டால ஒடிங்க" என்று சென்னிமலை வரை எனக்குப் பாதை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவர் பார்த்த குழிகளை இரண்டு கண்ணால் நான் பார்க்கவில்லை.

சென்னிமலையில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். திருப்பூர் குமரன் பிறந்த ஊர் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். வந்து பார்த்தால் போர்வை விற்கும் ஊர். முதல் பாட்டிக்கு 69 வயது. கணவர் போன பிறகு தார் சுற்றி, தறி ஓட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர். நூல் ஓடி ஓடி விரல் ரேகை தேய்ந்துவிட்டது. போன வருடம் ரேகை இயந்திரம் 11 தடவை ஏற்க மறுத்ததாம். "நான் என்ன வேலை பாத்தேன்னு அந்த மிசினுக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு" என்றார். இந்த வருடம் முகம். முகம் என்றதும் உள்ளே போனவர் கால் மணி நேரம் வரவில்லை. பட்டுச் சேலை, பவுடர், பூ என்று வந்து உட்கார்ந்தார். ஒரே தடவையில் பச்சை விழுந்தது. "போட்டோ எங்கே?" என்றார். இதில் போட்டோ வராது என்றதும் முகம் வாடிவிட்டது. தனியாக நான்கு படம் எடுத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு போர்வையை மாமா கையில் திணித்தார். மாமா 450 ரூபாயைத் தறி மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். இருவரும் வருடா வருடம் இதே போல் சண்டை போடுகிறார்களாம். போர்வை என் கணக்கில் சென்னை வருகிறது.

காங்கயம் பக்கம் திரும்பியதும் பச்சை நின்றுபோய் நிலம் வேறு ஆகிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். அங்கங்கே காற்றாலைகள், தேங்காய்ப் பருப்பு காயும் உலர்களங்கள். கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள், உள்ளே கொழுக்கட்டைப் புல், குடை பிடித்தது போல் வெள்வேல மரம், நிழலில் காங்கயம் மாடு. பாறையும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் புல் மட்டும் வளர்த்து மாட்டை அடைத்துப் பிழைக்கிற இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, கெட்டிக்காரர்கள்.

அப்படி ஒரு கொரங்காட்டுக்கு நடுவே இரண்டாவது பாட்டி. வயது 84. இவருடைய பக்கத்தில்தான் மாமாவின் கையெழுத்து ஓரம் வரை நிரம்பியிருந்தது. 80 வயது ஆனால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85க்கு 30, 90க்கு 40, இப்படியே ஏறி 100 வயதுக்கு இரட்டிப்பு. பாட்டிக்கு 80இல் கூடவில்லை. பழைய ஆணையில் அவருடைய பிறந்த தேதியே இல்லை. போதாததற்குப் பெயர்க் குழப்பம் வேறு. கொங்கு நாட்டில் பாதிப் பாட்டிகள் பெயர் 'ஆத்தாள்' என்று முடியும். அந்தக் காலத்தில் எங்கோ வடக்கே ஓர் எழுத்தர் அதைக் காதால் கேட்டு 'அட்டல்' என்று எழுதி வைத்திருக்கிறார். ஆதாரில் ஆத்தாள், ராணுவப் பதிவில் அட்டல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க மாமாவுக்கு 7 கடிதம், 3 வருடம். கடைசியில் நிலுவையோடு வந்தது. அதில் வாங்கிய கிடாரியைப் பாட்டி எங்களுக்குக் காட்டினார். அதற்கு 'அட்டல்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

"கண்ணை மூடித் தொறங்காத்தா" என்றேன். மூடினார். திறக்கவில்லை. கை கூப்பி ஏதோ முணுமுணுத்தார். செயலி காத்திருந்து காத்திருந்து அணைந்தது. "சாமி கும்பிடச் சொல்லல, சிமிட்டச் சொன்னாப்ல" என்று மாமா கத்தினார். நாலாவது முயற்சியில் ஆனது. சிக்னல் கிடைக்க மட்டும் நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. இறங்கும்போது பாசி வழுக்கிவிட்டது, முட்டியில் சிராய்ப்பு. பாட்டி மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு, ஒரு போசி கம்பங்கூழையும் மோர் மிளகாயையும் முன்னால் வைத்தார். சிராய்ப்பு மறந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு வேப்ப மரத்தடியில் மாமா நிறுத்தச் சொன்னார். இடுப்பு உயரக் கல். ஒருவன் பாய்ந்து வரும் புலியை ஈட்டியால் குத்துகிறான். புலிகுத்திக்கல். மாட்டுப்பட்டியைக் காக்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். இந்தப் பக்கம் நிறைய உண்டு. எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, முன்னால் அகல் விளக்கு. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கல்லு நட்டாங்க, சரி. பொண்டாட்டி புள்ளைக்கு என்ன பண்ணுனாங்க?" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே கல்வெட்டுச் சங்கதி அப்போது கைகொடுத்தது. அப்படி உயிர் விட்டவன் குடும்பத்துக்கு நிலம் விடுவார்கள், அதற்கு உதிரப்பட்டி என்று பெயர், கல்வெட்டுகளிலேயே இருக்கிறது என்றேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. "அப்படின்னா ஃபேமிலி பென்சன்!" என்றார். வீடு வரை மூன்று தடவை "உதிரப்பட்டி" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரவில் பார்த்தால் அந்தச் சொல் நோட்டின் உள் அட்டையில் ஏறியிருந்தது.

பௌர்ணமி, அன்னாபிஷேகம். அத்தை கோயிலிலிருந்து தயிர் விட்ட சாதம் கொண்டுவந்திருந்தார். நாங்கள் சுற்றிய சுற்றுக்கு அது அமிர்தமாக இருந்தது.

நவம்பர் 16, சனி: வெள்ளகோவில்

இன்று என் தப்பு நாள். இரண்டு தப்பு.

வெள்ளகோவிலுக்கு பஸ். கார்த்திகை ஒன்று, வழியெல்லாம் கறுப்பு வேட்டிகள், புது மாலைகள். அங்கே அந்தப் 'புள்ள'யைப் பார்த்தோம். 39 வயது. கணவர் பணியில் இருக்கும்போது இறந்தவர். எண்ணெய் மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறார், மகள் கல்லூரியில். வெள்ளகோவில், முத்தூர், மூலனூர்ப் பக்கத்து 9 பேரை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். 9 சான்று எண்களையும் அச்செடுத்துக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். மாமா ஒவ்வொன்றாக ஒப்பிட்டு டிக் போட்டார். ஆரம்பத்தில் இவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரே மாமாதான் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. இப்போது மாமாவுக்கு இவர் சொல்லிக் கொடுக்கிறார்.

எனக்கும் சொல்லிக் கொடுத்தார். நான் செய்த இரண்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தவர், "சார், சென்னிமலைப் பாட்டிக்குப் பணம் கொடுக்கிற இடத்துல பேங்க்கை செலக்ட் பண்ணிருக்கீங்களே. நம்ம ஆளுகளுக்கு அலகாபாத் ஆபீஸைத்தான் போடணும். இது போய்ச் சேராது" என்றார். குறுஞ்செய்தி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். 20 வருடமாக மென்பொருள் துறையில் இருக்கிறவன் என்பதை நான் அங்கே சொல்லவில்லை. மாமா நோட்டைத் திறந்து சென்னிமலைப் பக்கத்தின் டிக்கை அடித்தார். அடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் அதிகம் சுட்டது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிது. காங்கயத்தில் பஸ் மாறும்போது ஒரு பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டோம். அடுத்த பஸ்ஸில் ஏறி 20 நிமிடம் ஆன பிறகு மாமா மெதுவாகக் கேட்டார்: "பை எங்கீங்க மாப்ளே?"

பையில் நோட்டு. நோட்டில் 41 பேர்.

வழியில் இறங்கி, எதிர்ப் பக்க பஸ்ஸுக்கு 40 நிமிடம் நின்றோம். தூறல். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேக்கரிக்குள் நான் ஓடினேன். கல்லாவில் இருந்தவர் காலையில்தான் மாலை போட்டிருந்தார் போல, "வாங்க சாமி" என்றார். சாமி படத்துக்குக் கீழே மஞ்சப்பை. ஃபோன் எண் தேடி நோட்டைத் திறந்திருக்கிறார். முதல் பக்கத்தில் கண்ணில் பட்ட எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஓர் அம்மா, "அது எங்க அண்ணனோட நோட்டுங்க. பத்தரமா வைங்க, எப்படியும் வந்துருவாப்டி" என்றாராம். பணம் எடுத்தேன். கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "இன்னிக்கு மாலை போட்டிருக்கேனுங்க" என்று இரண்டு டீ கொடுத்தார். அதற்கும் வாங்கவில்லை.

மாமா உட்கார்ந்து நோட்டின் பக்கங்களை எண்ணினார். முழுவதும், ஒன்றிலிருந்து 41 வரை. எண்ணி முடித்த பிறகுதான் டீயைத் தொட்டார்.

ஊருக்கு முன்னால் கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் இறங்கிக்கொண்டோம். கரை நிரம்பத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பவானிசாகரில் கிளம்பி மொத்தம் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிற தண்ணீர். பாதிக்கு இந்தப் போகம், பாதிக்கு அடுத்த போகம் என்று முறை வைத்து விடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு மாமா தானாக ஆரம்பித்தார்.

"போருக்கு மிந்தியே எங்களைக் கொண்டு போய் பார்டர்ல போட்டுட்டாங்க. அங்கயும் இப்படித்தான், வாய்க்கால், கரும்பு, கோதுமைக்கு உழுது போட்ட காடு." (இங்கே காடு என்றால் வயல்.) "ராத்திரில குழி தோண்டி மைன் வெப்போம். வெடிஞ்சதும் காட்டுக்காரன் வந்து வரப்புல நின்னு பாப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான். என்ற அப்பனா இருந்தா மம்பட்டிய எடுத்திருப்பாரு."

எந்த அடையாளக் கல்லிலிருந்து எத்தனை அடி, வரிசைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை என்று பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பிறகு எடுப்பதற்கு அதுதான் வரைபடம். போர் டிசம்பர் 3இல் தொடங்கி 17ஆம் தேதி இரவு 8 மணிக்கு மேற்கில் நின்றது. பாகிஸ்தான் பக்கத்து ஷகர்கர் பகுதியில் டாங்கி போக வழி திறக்கிற வேலை மாமாவுக்கு. இருட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, கம்பியைச் சாய்வாக விட்டுத் தரையைக் குத்திக் குத்திப் போக வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். அப்படித் திறந்த வழிகளில் ஒன்றில் போய்த்தான் பசந்தர் ஆற்றைத் தாண்டி, 16ஆம் தேதி, டாங்கியைவிட்டு இறங்காமல் செத்தார் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். பரம்வீர் சக்ரா. "நான் அந்தப் பக்கமில்லீங்க, வேற எடம். ஆனா அவருக்கும் 21, எனக்கும் 21." போரைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். 14 நாளுக்கு நாலு வாக்கியம்.

"அதுக்கப்பறந்தானுங்க வேலையே" என்றார். சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில். பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் படைகள் பின்வாங்கியதும், வைத்த வெடிகளை எடுத்து நிலத்தைக் காட்டுக்காரனிடம் விட வேண்டும். ஒரு வருட மழையில் மண் நகர்ந்து கிடந்தது. 1973இன் தொடக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் பதிவேட்டுக்கு ஒன்று குறைந்தது. மாமாவோடு ஒரே நாளில் சேர்ந்த கோபிப் பக்கத்துப் பையன், "நான் பாத்துட்டு வர்றேன்" என்று போனான்.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டினார். "தெரிஞ்ச வழிதான், நடந்தே போயிரலாம் வாங்க. அத்தை காத்துக்கிட்டு இருப்பா."

நவம்பர் 17, ஞாயிறு: கோபி

காலையில் முதல் வேலை சென்னிமலை. திருத்தி எழுத வந்திருக்கிறோம் என்றதும் பாட்டிக்கு ஏக சந்தோஷம். வேறு பட்டுச் சேலை. இந்த முறை இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தேன், மாமா பக்கத்தில் நின்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். 40.

பெருந்துறை வழியாகக் கோபி. சாலையோரம் நெல், தென்னை, மஞ்சள், வாழை என்று கண் வலிக்கிற அளவு பச்சை. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் பஸ்ஸில் பாதிப் பேர் கொடிவேரி அருவிக்குப் போகிறவர்கள், மடியில் சோப்பு டப்பாவும் மாற்றுத் துணியும். ஒரு குடும்பம் இப்போதே மீன் வறுவல் விலையைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டு வந்தது. போன வருடம் 80, இந்த வருடம் 100 இருக்கும் என்பது பெரியவரின் கணிப்பு. மாமாவுக்கு எழுந்து இடம் கொடுத்த பையன், சத்தி வரை நின்றுகொண்டே போக வேண்டியவன்.

தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி ஒரு வீடு. 71 வயது அம்மா. நோட்டின் முதல் பக்கம் இவர்தான். நேற்றுக் கடைக்காரரின் ஃபோனை எடுத்தவரும் இவர்தான். 1972இல் கல்யாணம், அடுத்த வருடமே அந்தத் தந்தி. அப்போது வயிற்றில் இருந்த மகள் ஆசிரியையாக இருந்து இந்த வருடம் பேரன் எடுத்திருக்கிறார். மாமா தன் வாழ்நாளில் எழுதிய முதல் விண்ணப்பம் இவருக்காக, கூடாரத்தில் மெழுகுவர்த்தி வைத்து எழுதியது. இந்தப் பக்கத்தில் 52 டிக். படையில் இருந்தவரை கடிதத்தில் விசாரித்து, 1994க்குப் பிறகு நேரில் வந்து.

"ஃபோனைக் கொடுங்கம்மா" என்று நான் தயாரானேன். "எதுக்கு? போஸ்ட்மேன் ஒண்ணாந் தேதியே வந்து முடிச்சுக் குடுத்துட்டாப்ல, 70 ரூவா" என்றார். பிறகு எதற்கு வந்தோம் என்று மாமாவைப் பார்த்தேன். அவர் வாசலில் செருப்பைச் சுவரோரமாக ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாமன் வருசா வருசம் நான் இருக்கறனா செத்தனான்னு பாக்க வர்றாப்டி" என்றார் அந்த அம்மா. "அண்ணனுக்கு அலகாபாத் சொன்னாப் பத்தாது."

ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். மாமா அந்த வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தன் வீட்டில் அப்படிப் பார்த்ததில்லை. பேச்செல்லாம் மாட்டு விலை, பேத்தி படிப்பு, வாய்க்கால் தண்ணீர் எப்போது நிறுத்துவார்கள் என்பது. சுவரில் கறுப்பு வெள்ளைப் படம், சீருடையில் ஒரு பையன், மீசை இன்னும் கெட்டிப்படவில்லை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "இப்ப என்ற பேரனை விடச் சின்னப் பையனா ஆயிட்டாப்ல" என்று சிரித்தார். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கிளம்பும் முன் மாமா நோட்டை எடுத்து, இருக்கிற வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து டிக் போட்டார். 41.

திரும்பி வரும்போது கோபி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு பரோட்டா, ஒரு கலக்கி, மொத்தம் 55 ரூபாய். மாமா கலக்கி வேண்டாம் என்றார். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். 74 வயதுக்காரரின் தலை இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பவானியாற்றுப் பக்கத்துக் குளிர்க் காற்றுக்குச் சென்னிமலைப் போர்வையைப் பிரித்தேன்.

நவம்பர் 18, திங்கள்: ஊரில்

இன்று ரயில் இரவில்தான். பகல் முழுக்க அத்தை கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார். கூடவே ஒரு டப்பா ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய், இரண்டு படி கடலை, ஒரு தேங்காய் மூட்டை. மூட்டையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டால் காது கேட்காதது போல் இருக்கிறார்.

மதியம் பொடக்காளி (கொல்லை) பக்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். மாமா நோட்டோடு வந்தார். 41ஆம் பக்கத்தைத் தாண்டி ஒரு பக்கத்தைத் திறந்தார். 42. கணவர் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர். படைப் பிரிவு, ராணுவ எண், ஆணை எண், கூட்டு வங்கிக் கணக்கு. கல்யாணம் நடந்ததைப் பதிவு செய்த பார்ட் டூ ஆர்டரின் எண்ணும் தேதியும். எந்த அட்டையின் நகல் எந்தப் பெட்டியில். முதலில் யாருக்கு எழுத வேண்டும், அதற்குள் என்னென்ன வைக்க வேண்டும், 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்து யாருக்கு. அத்தைக்கு 80 வயதாகிற மாதத்துக்கு நேரே சிவப்பு மையில் '20 சதவீதம்'. கீழே வருடக் கட்டங்கள், எல்லாம் காலி.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேனுங்க. உங்ககிட்ட இருக்கட்டும்" என்று பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரிங்க மாமா" என்றேன்.

அதற்குள் அத்தை கச்சாயத் தட்டோடு வந்துவிட்டார். "என்ன காயிதம்?"

"ஆதார் ஜெராக்ஸ்" என்றார் மாமா.

"அந்தக் காயிதத்தை நான் எப்பவோ படிச்சாச்சு" என்றார் அத்தை. தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, மாவு படிந்த விரலைத் தாளில் படாமல் கொண்டுபோய் மேலே ஓர் இடத்தைக் காட்டினார். "என்ற பேர்ல கடைசி 'ள்' உட்டுப் போச்சு. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் திருத்திக் குடுக்கறீங்க, இதையும் திருத்துங்க."

மாமா கண்ணாடியைத் தேடினார். நெற்றியில்தான் இருந்தது. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, நோட்டில் ஒரு தடவை, ஜெராக்ஸில் ஒரு தடவை, மெதுவாக எழுதினார்.